இரவல் பிள்ளைகள்

“எடம் இல்ல, எடம் இல்லன்னு வாயால சொல்றியே வாத்தியாரே, கண்ண தொறந்து பாரு! உள்ள பாதிக்கு மேல காலியா கீது. என் பொண்ணு ஒரு மூலையில குந்துனா உன் கூரை எறங்கிடுமா?”

“மெள்ள பேசு சொர்ணம். பசங்க வாய்ப்பாடு சொல்லிகினு கீறாங்க.”

“சொல்லட்டுமே. பதினேழு பசங்க சத்தத்துல என் சத்தம் கேக்காம பூடுமா?”

“பதினேழா? ரிஜிஸ்டர்ல முப்பத்திநாலு கீது, தெரியுமா உனக்கு?”

“ரிஜிஸ்டர்ல கீது. பாய் மேல கீதா?”

எத்திராஜ் வாத்தியார் கையிலிருந்த பிரம்பால் தன் வேட்டியையே இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். சொர்ணம் வேலிக்கு வெளியே இன்னும் கொஞ்ச நேரம் நின்று கத்திவிட்டு அறுப்புக்குப் போனாள். அவள் அந்த வேலியைத் தாண்டவில்லை. சேரிக்காரி பள்ளிக்கூடத்து வேலியைத் தாண்டுவது எங்கள் நெல்லிப்பேட்டில் வழக்கமில்லை.

எங்கள் வீட்டு முருங்கை மரம் அந்த வேலி மேல்தான் சாய்ந்திருக்கிறது. ஆகவே இதையெல்லாம் கேட்க நான் தனியாக எங்கும் போகவேண்டியதில்லை. கீரை உருவிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் மெதுவாகத்தான் உருவினேன்.

முப்பத்தாறாம் வருஷம், தை மாதம். பொங்கல் முடிந்து, செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரில் விளைந்த வயலெல்லாம் ஒரே நேரத்தில் அறுப்புக்கு நின்றது. அந்த மாதத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவன் ஒன்று நிலமில்லாதவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பிள்ளை கதிர் பொறுக்கக்கூட உதவாததாக இருக்க வேண்டும். அப்படிப் பதினேழு பேர் தேறினார்கள். பள்ளிக்கூடம் என்பது ஊர் முன்சீப் கோதண்டத்தின் அப்பா காலத்து நெல் கொட்டகை. ஐந்து வகுப்புக்கும் ஒரு வாத்தியார், ஒரு கரும்பலகை. முன்சீப்தான் மேனேஜர்.

சொர்ணத்துக்கு இந்தப் பிடிவாதம் வந்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு, மறைப்பானேன்?

அவள் புருஷன் வீராசாமி தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்க்கிறான். இரண்டு மாதத்துக்கு ஒரு கார்டு போடுவான். தபால்காரர் சேரிக்குப் போகமாட்டார். எங்கள் வாசல் படலில் செருகிவிட்டுப் போய்விடுவார். தெருப் பெண்களில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், பூந்தமல்லி மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனவள். கார்டு ஒட்டி மூடிய கடிதமும் அல்ல. சொர்ணம் வருவதற்குள் நான் இரண்டு தடவை படித்திருப்பேன். அவளை என் படலண்டை நிறுத்தினால் தெரு பேசும் என்று, அவள் வந்ததும் நான் ஏரிக் கால்வாய்க்கு இந்தப் பக்கம் நின்று படிப்பேன், அவள் அந்தப் பக்கம் நின்று கேட்பாள். நடுவில் இருபதடித் தண்ணீர். கத்தித்தான் படிக்க வேண்டும்.

கார்த்திகை மாதத்தில் வந்த கார்டில் அவன், ‘நீ பக்கத்தில் இல்லாமல் சோறு இறங்கவில்லை’ என்று எழுதியிருந்தான். நான் கத்தினேன். இரண்டு கரையிலும் களை பறித்துக்கொண்டிருந்த நாற்பது பேரும் நிமிர்ந்தார்கள். அன்றையிலிருந்து சொர்ணம் எந்த வரப்பில் நடந்தாலும், “இன்னா சொர்ணம், சோறு எறங்குச்சா?” என்று ஒரு குரல் வரும்.

அன்றே அவள் என்னைக் கேட்டாள். “ஏம்மா, அவரு எனக்கு எழுதனதும்மா அது. ஊருக்கு எழுதல.”

“நீ கால்வாய்க்கு அந்தாண்ட நின்னா நான் கத்தித்தானே படிக்கணும்?”

“கிட்ட வர வுட்டீங்களா?”

எனக்கு உலை வைக்கிற நேரமாகிவிட்டது, போய்விட்டேன். அவள் மகள் ராஜம்மாவுக்கு அப்போது எட்டு வயது. தன் கார்டைத் தன் மகளே படிக்க வேண்டும் என்று சொர்ணம் அன்றைக்குத்தான் முடிவு கட்டியிருக்க வேண்டும். அதற்கப்புறம் நான்கு திங்கட்கிழமை வேலிக்கு வெளியே வந்து சண்டை போட்டாள். இது நான்காவது.

சண்டை முடிந்த மத்தியானமே வாத்தியாருக்கு ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூட டிப்டி இன்ஸ்பெக்டர் ராஜசேகரன் வியாழக்கிழமை ஏரிக்கு அந்தப் பக்கத்துத் தென்கரைப்பாக்கம் பள்ளிக்கும், வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிக்கும் வருகிறார். முப்பது தலை நேரில் இல்லாத பள்ளியை மூடிவிட்டுத் திருமழிசைப் பள்ளியோடு சேர்த்துவிடுவது என்று அந்த வருஷம் ஓர் உத்தரவு இருப்பதாகப் பேச்சு. வாத்தியார் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு முன்சீப் வீட்டுக்கு ஓடினார். செவ்வாய்க்கிழமை காலையிலும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். நான் மோருக்குப் போயிருந்தேன்.

“முப்பதுக்கு பதிமூணு கொறையுது,” என்றார் வாத்தியார். “அறுப்புல கீற பசங்கள ஒரு நாளு வரச் சொன்னா...”

“எவன் அனுப்புவான்? மழை வர்றதுக்குள்ள களத்துக்கு வரணும்னு அவனவன் பறந்துகினு கீறான்.” முன்சீப் மீசையைத் தடவிக்கொண்டார். “ஏன்யா, ஏர் ஓட்ட மாடு பத்தலன்னா இன்னா செய்றோம்? பக்கத்து ஊர்ல கேட்டு ஓட்டிகினு வர்றோம். அவனுக்கு வேணும்ன்றப்ப நாம அனுப்பறோம். அது மாதிரி தான்.”

“பசங்களையா?”

“பின்ன மாட்டையா? பேர் கூப்ட்டா மாட்டுக்கு ஆஜர் சொல்லத் தெரியுமா?”

தென்கரைப்பாக்கத்து வாத்தியார் நாகேந்திரன் எத்திராஜ் வாத்தியாரோடு படித்தவர். அவருக்கும் அறுப்பு, அவருக்கும் ஆள் குறைவு. வியாழக்கிழமைக்கு நாங்கள் பத்துப் பேரைத் தருவது, வெள்ளிக்கிழமைக்கு அவர் பதிமூன்று பேரைத் தருவது என்று ஒப்பந்தமாயிற்று. வண்டிப் பாதை ஏரியைச் சுற்றிக்கொண்டு போகும்; கரை மேல் நடந்தால் இரண்டே மைல். எந்தப் பிள்ளைகளை அனுப்புவார் என்று முன்சீப் கேட்கவில்லை. இரவல் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிறவர், இரவல் பிள்ளைக்கு ஒன்றும் பார்க்கவில்லை.

புதன்கிழமை முழுக்கப் படிப்பில்லை. பெரிய பிள்ளைகள் சாணி கரைத்துத் தரை மெழுகினார்கள். சின்னப் பிள்ளைகள் எழுதும் மணலைச் சலித்துப் பரப்பினார்கள். இங்கிலாந்து ராஜாவின் படத்தைத் துடைக்கப் போய்க் கண்ணாடி விரிசல் விட்டது. அதன் மேல் மாலை போட்டு மறைத்தார்கள். வாத்தியார் ரிஜிஸ்டரை எடுத்து உட்கார்ந்து, வராத பெயர்களில் பதிமூன்றைப் பொறுக்கி ஒரு தாளில் எழுதினார். இரவல் பிள்ளைகள் அந்தப் பெயர்களுக்கு ஆஜர் சொல்ல வேண்டும். அதில் முன்சீப்பின் தம்பி மகள் தாட்சாயிணி ஒருத்தி. அவள் வெள்ளானூருக்குச் சித்தி வீட்டோடு போய் ஒரு வருஷம் ஆகிறது. ரிஜிஸ்டரில் மட்டும் ஒரு நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தாள்.

இந்த மாதிரி ஒரு சமாசாரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் கால்வாயில் துணி துவைக்கப் போனேன். அந்தக் கரையில் சொர்ணம் கட்டுக்கு வைக்கோல் புரி முறுக்கிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். இரண்டு புடவை அலசுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

“எத்தினி பேர் கொறையுதுன்னீங்க?”

“பதிமூணு.”

“எங்க தெருவுல பள்ளிக்கூடத்து வயசுல பதினோரு பசங்க கீது.” அவள் புரியை ஒரு முறுக்கு முறுக்கினாள். “ஏரியத் தாண்டிப் போயி பசங்கள ஓட்டிகினு வருவாங்களாம். கால்வாயத் தாண்ட மாட்டாங்களாம். இன்னா கணக்கும்மா இது?”

“எனக்கு இன்னாடி தெரியும்? முன்சீப் சொன்னாரு, வாத்தியார் செய்றாரு.”

“வெள்ளிக்கெயம காலைலயா வர்றாரு அந்த அதிகாரி?”

“பத்து மணிக்கு.”

அவள் முறுக்கிய புரிகளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். துணியைப் பிழிந்துகொண்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை எங்கள் பத்துப் பேரும் கரை மேல் வரிசையாகப் போய் மத்தியானம் திரும்பினார்கள். வாய்நிறையச் சேதி. அதிகாரி கண்ணாடி போட்டிருக்கிறாராம். கடிகாரத்துக்குச் சங்கிலி உண்டாம். ஏரிக்காற்று ஒத்துக்கொள்ளாமல் தும்மிக்கொண்டே இருந்தாராம். ஒவ்வொரு பிள்ளையையும் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாராம். எங்கள் பையன் ஒருவன் மட்டும் தனக்குக் கொடுத்த பெயரை மறந்துவிட்டு இரண்டு பெயருக்கு ஆஜர் சொன்னானாம். அப்போது அவருக்குத் தும்மல் வந்ததால் தப்பித்தானாம். வாத்தியார் முகத்தில் அன்றைக்குத்தான் களை திரும்பியது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தென்கரைப்பாக்கத்துப் பதிமூன்று பேரும் வந்து சேர்ந்தார்கள். எல்லாருக்கும் வெளுத்த சொக்காய், தலையில் எண்ணெய், நெற்றியில் திருநீறு. நாகேந்திரன் வாத்தியார் நன்றாகத்தான் தயார் பண்ணி அனுப்பியிருந்தார். பனியில் இரண்டு மைல் நடந்து வந்த பிள்ளைகள் அல்லவா, முன்சீப் சம்சாரம் நாகம்மாள் தன் வீட்டுக் கூடத்தில் இலை போட்டு உட்காரவைத்துப் பொங்கலும் வடையும் பரிமாறினாள். பரிமாற நானும் போயிருந்தேன்.

“துன்னுங்க ராஜா, நல்லா துன்னுங்க. இந்தக் குளிர்ல அவ்ளோ தூரம் வந்துகினு கீறீங்க.”

ஆனந்தன் என்று ஒரு பொடியன், ஏழு வயதிருக்கும், மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டான். நாகம்மாள் தன் புடவைத் தலைப்பால் அவன் மூக்கைத் துடைத்து, இன்னொரு வடை வைத்தாள். “ஒவ்வொண்ணும் தங்கம் மாதிரி கீது பாரு அங்கம்மா. நம்ம ஊர் பசங்க கீதே, சனியனுங்க,” என்றாள் என்னிடம். வரலட்சுமி என்ற ஒரு சின்னப் பெண்ணுக்குத் தன் கையாலேயே பூ வைத்துவிட்டாள். அவள்தான் தாட்சாயிணியாக இருக்க வேண்டியவள்.

எனக்கும் அன்று ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். அதிகாரி இருக்கும்வரை வேலி ஓரத்தில் சேரிப் பிள்ளைகள் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முன்சீப்பே சொல்லியிருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ராஜம்மா ஒரு வருஷமாகவே தினமும் அந்த வேலி ஓரத்துக்கு வருகிறவள். ஆட்டுக்குட்டிக்கு முருங்கைத் தழை பொறுக்குவதாகப் பேர். தழையை ஆடு தின்னும், இவள் வேலியில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வாத்தியாருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஊரில் நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த சேதி அது ஒன்றுதான். ஏன் சொல்லவில்லை என்று இப்போது கேட்டாலும் சரியாகச் சொல்ல வராது.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு ஆட்டுக்குட்டியோடு வந்தாள். தலை வாரி, எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல், கனகாம்பரம். ஆடு மேய்க்க யார் பெண்ணுக்குப் பூ வைத்து அனுப்புவார்கள்? புதன்கிழமை நான் அலசிய இரண்டு புடவையும் நினைவுக்கு வந்தது. அவளை விரட்டியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மரத்தின் அந்தப் பக்கத்துக் காய் முற்றிப்போயிருந்ததுபோல் பட்டது. துரட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். திரும்பி வந்தபோது நாகம்மாளும் வந்துவிட்டாள், வேடிக்கை பார்க்க.

அதிகாரி வந்தார். மாலையை வாங்கி மேஜை மேல் வைத்தார். இரண்டு தும்மல். பிறகு வாத்தியார் ரிஜிஸ்டரை விரித்துப் பெயர் கூப்பிட்டார். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. “ஆஜர் சார்”, “ஆஜர் சார்” என்று பதினெட்டு, பத்தொன்பது, இருபது.

“தாட்சாயிணி.”

சத்தமில்லை. வரலட்சுமி கடிகாரச் சங்கிலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தாட்சாயிணி!”

அதே சங்கிலி. மூன்றாவது தடவை வாத்தியார் குரல் பாதியில் உடைந்தது. “தாட்சா...”

“ஆஜர் சார்!”

கணீரென்று வந்தது. ஆனால் உள்ளேயிருந்து வரவில்லை.

அதிகாரி எழுந்தார். கொட்டகையை விட்டு வெளியே வந்து வேலி ஓரமாக நடந்து, முருங்கை நிழலில் வந்து நின்றார். நானும் நாகம்மாளும் கீரை பார்ப்பதுபோல் குனிந்துகொண்டோம்.

“நீதான் தாட்சாயிணியா?”

“இல்லிங்க. அது வெள்ளானூர் போயி ஒரு வருசம் ஆவுது. நான் ராஜம்மா.”

“அப்புறம் ஏம்மா ஆஜர் சொன்னே?”

“வாத்தியார் மூணு தபா கூப்ட்டாருங்க. யாரும் சொல்லல. அவருக்கு சங்கடமா பூடும்னு...”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்ததா, தும்மல் வந்ததா தெரியவில்லை. தும்மல்தான் வெளியே வந்தது. தொடர்ந்து நான்கு. கொட்டகை வாசலில் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆனந்தன், பெரிய மனிதன் போல, அக்கறையாகக் கேட்டான்: “நேத்தே கஷாயம் வெச்சு குடிக்க சொன்னாரே சார் எங்க வாத்தியாரு, குடிக்கலியா?”

முன்சீப் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி அவனை உற்றுப் பார்த்தார். கொட்டகைக்குள் திரும்பிப் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பையிலிருந்து தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைத் திருப்பினார். கோபப்படுவார் என்று எல்லாரும் நின்றோம். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

“மிஸ்டர் கோதண்டம், நேத்து தென்கரைப்பாக்கம் ஸ்கூலைப் பாராட்டி இதுல எழுதியிருக்கேன். பதிமூணு ஆதிதிராவிடப் பிள்ளைகள் மத்தவங்களோட ஒண்ணா உக்காந்து படிக்கிறாங்க, ரொம்பத் திருப்தின்னு. அந்தப் பதிமூணு பேரும் இங்கயும் ஒண்ணா உக்காந்திருக்காங்க. உங்களையும் பாராட்டத்தான் வேணும்.”

நாகேந்திரன் வாத்தியார் செய்த வேலை இது. மிராசுதார் வீட்டுப் பிள்ளைகளைப் பனியில் இரண்டு மைல் நடத்த அவருக்குத் தைரியம் ஏது? கேட்டதும் அனுப்பக்கூடியவர்களை அனுப்பிவிட்டார்.

நாகம்மாள் என் முழங்கையைப் பிடித்தாள். “அந்தாளு இன்னா சொல்றாரு அங்கம்மா?”

“உன் காதுல வுழுந்தது தான்.”

“பதிமூணுமா?”

“பதிமூணும்.”

அவள் தன் புடவைத் தலைப்பை எடுத்து, அது யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குள் அதிகாரி ராஜம்மாவை உள்ளே கூப்பிட்டிருந்தார். ஆட்டுக்குட்டியையும் இழுத்துக்கொண்டு போனாள். அதை வெளியே விட்டு வரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. என்ன தெரியும் என்று கேட்டார். பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை சொன்னாள். தமிழ் மாதம், இங்கிலீஷ் மாதம், திசை எட்டும் சொன்னாள். ரிஜிஸ்டரில் உள்ள முப்பத்திநான்கு பெயரையும் வரிசை மாறாமல் சொன்னாள். உள்ளே இருந்த பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். வேலிக்கு வெளியே இருந்த எங்களுக்கும் அதே கதிதான்.

அதிகாரி ஒரு பலகையும் குச்சியும் எடுத்துக் கொடுத்தார். “உன் பேரை எழுதும்மா.”

அவள் குச்சியை வாங்கினாள். பலகையைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். ஆடு மேஜை மேலிருந்த மாலையைத் தின்றுகொண்டிருந்தது.

“எழுத்து நான் பாத்தது இல்லிங்க,” என்றாள். “போர்டு அந்தாண்ட திரும்பி கீது. வேலில இருந்து பாத்தா அதும் முதுகு தான் தெரியும்.”

ஒரு வருஷம் தினமும் அவளைப் பார்த்தவள் நான். காதை வைத்துக் கேட்கிறாள் என்பதுவரைதான் பார்த்திருக்கிறேன். கரும்பலகை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வாத்தியாரே, போர்டைத் திருப்பி வெக்கிறதா, பொண்ணை உள்ள வெக்கிறதா, நீங்களும் மேனேஜரும் பேசிக்குங்க. திங்கக்கிழமை திரும்ப வர்றேன். அதுவரைக்கும் இந்தப் பக்கத்துல ஒண்ணும் எழுத மாட்டேன். இரவல் பிள்ளைன்றதுக்கு என்ன வார்த்தை போடலாம்னு நானும் யோசிக்கணும்.”

சனிக்கிழமை முன்சீப் வீட்டு முற்றத்தில் கூடினார்கள். ஊரே இரண்டாகக் கத்தியது. பள்ளிக்கூடமே வேண்டாம், மூடட்டும் என்று ஒரு கட்சி. அப்படியானால் நம் பிள்ளைகளை யார் திருமழிசைக்கு நடத்திக்கொண்டு போவது என்று ஒரு கட்சி. நடுவில் ஒருவர், “நேத்து சோறு போட்டது தெரியாம செஞ்சது. அத்த கணக்குல எடுத்துக்கக் கூடாது,” என்றார்.

“தெரியாம துன்னா வயிறு ரொம்பாதா?” என்று முன்சீப் சீறினார். அவருக்கு அந்த ஒரு நாளில் மீசை தொங்கிப்போயிருந்தது. “என் ஊட்டுக் கூடத்துல எல போட்டாச்சு. இந்நேரம் பூந்தமல்லி வரைக்கும் பூட்டிருக்கும் சேதி.” இதைச் சொல்லும்போது ஏனோ என்னைப் பார்த்தார். “இன்னமே கொட்டாயில பாய் போட மாட்டேன்னு சொன்னா எவன் சிரிக்க மாட்டான்?”

நாகம்மாள் அதுவரை தூணோடு ஒட்டி நின்றிருந்தாள். “தண்ணிக்குத் தனிப் பானை வெக்கணும்,” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “அந்த மூக்கு ஒயுகுற பையன் பேரு இன்னா?” என்றாள் என்னிடம்.

“ஆனந்தன்.”

“அதுக்கு சளி கீது. ஆரும் பாக்கறது இல்ல போல,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கடைசியில் முடிவானது இது: சேரிப் பிள்ளைகள் வரலாம், வாசல் ஓரத்தில் தனிப் பாய், தனிப் பானை. தலையாரி கால்வாய்க் கரையில் நின்று கத்திச் சொன்னான். அந்தக் கரையில் சொர்ணம் இடுப்பில் கை வைத்து நின்று கேட்டாள்.

“பாய் எதுவா இருந்தா இன்னா? அங்க குந்துனா போர்டு முகம் தெரியுமா?”

தலையாரி வாத்தியாரைப் பார்த்தான். வாத்தியார் தலையாட்டினார்.

“தெரியும்!”

“அப்ப இப்போதிக்கி போதும்,” என்றாள் சொர்ணம்.

திங்கட்கிழமை அதிகாரி வந்து எண்ணினார். எங்கள் பதினேழில் ஐந்து பேரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். கால்வாய்க்கு அப்பாலிருந்து பதினொரு பேர் வந்திருந்தார்கள். ஆக இருபத்துமூன்று.

“முப்பது இல்லையே?”

“அறுப்பு முடியட்டும் சார்,” என்றார் வாத்தியார்.

“இருபத்திமூணும் இந்த ஊர் தானே?”

“சத்தியமா இந்த ஊர் தான் சார்.”

அதிகாரி ஏதோ எழுதினார். பள்ளிக்கூடம் மூடவில்லை. வீட்டில் நின்ற ஐந்து பேரும் பங்குனிக்குள் திரும்பி வந்தார்கள். வீட்டில் அவர்களை வைத்துச் சமாளிக்க அவர்கள் அம்மாக்களால் முடியவில்லை. கொள்கையெல்லாம் ஒன்றரை மாதம்தான் தாங்கியது. தனிப் பானை அடுத்த கோடையில் உடைந்தது. இன்னொன்று வாங்கி வைத்தார்கள். அது உடையவில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு என் படலில் சொர்ணத்தின் கார்டு வருவது நின்றுபோயிற்று. பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிடும்படி தபால்காரரிடம் சொல்லிவிட்டாள். ராஜம்மா வாங்கிக்கொண்டு போவாள், சொர்ணம் அதை யாரிடமும் படிக்கக் கொடுக்காமல் வீட்டுப் பானைக்குள் வைப்பாள். பெண் எழுத்துக் கூட்டும்வரை ஒன்றரை வருஷம் அப்படியே சேர்த்தாள். ஒன்பது கார்டு. வீராசாமி நடுவில் பொங்கலுக்கு வந்துபோனான், ஆகவே உயிரோடு இருப்பது தெரியும். அந்த ஒன்பதில் என்ன இருந்தது என்று அவளைவிட நான்தான் தவித்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

அடுத்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், கால்வாயின் அந்தக் கரையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ராஜம்மா மடியில் கார்டுகள். நான் இந்தக் கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அடிக்கிற சத்தத்தை நிறுத்திவிட்டு அலச மட்டும் செய்தேன். ஒரு பயனும் இல்லை. அந்தப் பெண் தன் வாயை அம்மாவின் காதோடு வைத்துக்கொண்டு படித்தாள். சொர்ணம் ஒரு தடவை சிரித்தாள், ஒரு தடவை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இருபதடித் தண்ணீருக்கு இந்தப் பக்கம் ஒரு எழுத்துகூட வந்து சேரவில்லை.

அப்புறம் யுத்தம் வந்தது. எத்திராஜ் வாத்தியார் ஆவடிப் பக்கம் மாற்றிக்கொண்டு போனார். அவருடைய மூன்று பெண்களுக்கும் அங்கேயே வரன் அமைந்தது. தாட்சாயிணி வெள்ளானூரிலேயே வாழ்க்கைப்பட்டாள். ரிஜிஸ்டரிலிருந்து அவள் பெயரை அடிக்கும்போது அவளுக்கு ஒரு குழந்தை இருந்தது. ஆனந்தன் பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் சேர்ந்தான். போகிற வழியில் நாகம்மாள் வீட்டு வாசலில் நின்று சொல்லிக்கொண்டு போனான். அவள் உள்ளே கூப்பிடவில்லை, ஆனால் ஒரு மூட்டை வடை கட்டிக் கொடுத்தாள்.

வீராசாமிக்கு சுரங்கத்தில் குடித்தன வீடு கிடைத்தது. நாற்பதாம் வருஷம் சொர்ணமும் ராஜம்மாவும் தங்கவயலுக்கே போய்விட்டார்கள். போய் மூன்றாம் மாதம் என் படலில் ஒரு கார்டு செருகியிருந்தது. என் பேருக்கு. எழுத்து முத்து முத்தாக இருந்தது. க்ஷேமம் விசாரித்துவிட்டுக் கடைசி வரியில், ‘தங்களுக்குச் சோறு இறங்குகிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்’ என்று எழுதியிருந்தாள். அதை நான் கதவைச் சாத்திக்கொண்டு மனதுக்குள் படித்தேன். தெருவில் கேட்டவர்களிடம் ஏதோ துணிக்கடை விளம்பரம் என்றேன்.

நாற்பத்தைந்தில் ராஜம்மாவுக்கு அங்கேயே கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சுரங்கத்தில் மின்சார வேலை. அவர்கள் குடியிருக்கும் லயனில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாதாம். ஊரிலிருந்து வரும் கார்டுகளையெல்லாம் இவளிடம்தான் கொண்டுவருகிறார்களாம். மெதுவாகப் படிக்கிறாயா, கத்திப் படிக்கிறாயா என்று கேட்டு எழுதினேன். அதற்கு மட்டும் பதில் போடவில்லை.